மாமனாரின் மூச்சு

சுக வாரியத்தார் வீடு தேடி வந்தபோது, ஜன்னல் கேட்டு விண்ணப்பித்திருந்தவர் இறந்துபோயிருந்தார். அதை அவர்கள் ஒரு பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாரியத்தின் முழுப்பெயர் இல்லச் சுக மேம்பாட்டு வாரியம். குளிர் புகாத ஜன்னல் மாட்டுவதும், சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் காப்புப் பஞ்சு அடைத்துத் தருவதும் அதன் வேலை. விண்ணப்பித்தவர் அந்த வீட்டின் மாமனார். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வுபெற்றவர். பேத்தி பிறப்பதற்கு முன்பே மனுப் போட்டார். பேத்தி பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போய், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கற்றுக்கொண்டாள். “ஜன்னல் எப்ப தாத்தா வரும்?” என்று அவள் கேட்டால், “மேல போயிருக்கும்மா, கீழ இறங்கி வரணும்ல” என்பார். எல்லாக் கோப்புகளும் லிஃப்டில்தான் பயணம் செய்கின்றன என்று அவர் நம்பினார். போன குளிர்காலத்தின் கடைசியில், பின்னறை நாற்காலியில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், அப்படியே போய்ச்சேர்ந்தார்.

மருமகன் பேருந்துப் பணிமனையில் சீட் தைப்பவர். கிழிந்த ரெக்சினை உரித்து, நைந்த நுரைப்பஞ்சை எடுத்துவிட்டுப் புதிது வைத்துத் தைக்கிற வேலை. மிஞ்சும் பஞ்சுத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் இடுக்குகளில் அடைப்பார். அடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். சாத்திய ஜன்னலுக்கு முன்னால் திரை மெல்ல ஆடும். மறுபடி அடைப்பார். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்தோமா என்ற சந்தேகம் விடாத மனிதர் அவர். அந்த வீட்டுக் குளிர் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போட்டே வளர்த்தது.

அவருடைய மகளுக்கு, அதாவது அந்தப் பேத்திக்கு, இளைப்பு. குளிர் தொடங்கிவிட்டால் அவள் நெஞ்சுக்குள் யாரோ மரக்கதவைத் திறந்து மூடுவதுபோல் ஒரு சத்தம். மருத்துவர் கடைசியாகப் பார்த்தபோது சொன்னார்: “இவளுக்கு நான் மருந்து தரேன். அந்த ரூமுக்கு என்ன மருந்து தர்றது? இன்னொரு குளிர்காலம் அதுல இவளைப் படுக்கவெச்சீங்கன்னா…” மிச்சத்தைச் சொல்லாமல் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். சொல்லாத அந்த மிச்சம்தான் மருமகனின் காதில் தங்கிவிட்டது.

அந்த வாரத்தில்தான் வாரியத்தின் அளவுக்காரர் வந்தார். ஒரு பெரிய மின்விசிறி, அதை வாசலில் பொருத்த ஒரு துணிச்சட்டம், சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி.

“விண்ணப்பதாரர் இருக்காரா?”

மருமகனின் மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் தரையைப் பார்த்தார்.

“பரவால்ல, சொல்ல வேண்டாம்,” என்றார் அளவுக்காரர். “மக்கள்கிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிற முறையை வாரியம் எப்பவோ விட்டுடுச்சு. மக்கள் தப்பாச் சொல்றாங்க. கருவி சொல்லட்டும்.”

பெட்டியைத் திறந்து நடைவழியில் வைத்தார். அதன் முகப்பில் வீட்டின் வரைபடம் இருந்தது. வாசலை விசிறியால் அடைத்து, வீட்டுக் காற்றை இழுத்தால், யார் எந்த அறையில் மூச்சு விடுகிறார்களோ அங்கே ஒரு பச்சைப் புள்ளியைக் காட்டுமாம். எத்தனை புள்ளியோ அத்தனை பேருக்குச் சுகம் ஒதுக்கப்படும். வாரியத்தாரின் மூச்சை மட்டும் அது கணக்கில் சேர்க்காதாம்.

“ஒருத்தர் மூச்சு மாதிரி இன்னொருத்தர் மூச்சு இருக்காது. கைரேகைகூட ஏமாத்தலாம் சார், மூச்சை ஏமாத்த முடியாது,” என்றார் அவர். சொல்லும்போது அவர் கண்கள் லேசாக ஈரமாயின. அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருக்கு அப்படித்தான் ஆகும் என்று பின்னால் தெரிந்தது.

மூவரும் முன்னறையில் அசையாமல் உட்கார்ந்தார்கள். விசிறி ஓடியது. கதவுகள் தாழோடு ஒருமுறை குலுங்கின. வரைபடத்தில், முன்னறையில் மூன்று புள்ளிகள் வந்தன. கொஞ்சம் பொறுத்து, பின்னறையில் நாலாவதாக ஒன்று.

அது மற்ற மூன்றையும்போல் சீராகத் துடிக்கவில்லை. மெதுவாகப் பிரகாசமாகும், உச்சியில் போய் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட லிஃப்டைப்போல் நிற்கும், ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் ஒரு குலுக்கலோடு கீழே இறங்கும். மனைவி அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் அவள் வளர்ந்திருந்தாள்.

“விண்ணப்பதாரர் பின்னறையில இருக்காரு,” என்றார் அளவுக்காரர் திருப்தியோடு.

“அப்பா செத்துட்டாரு சார்,” என்றாள் மனைவி. “சர்டிபிகேட் இருக்கு.”

“யாரு குடுத்தது?”

“சுகாதாரத் துறை.”

அளவுக்காரர் பெருந்தன்மையாகச் சிரித்தார். “அது அந்தத் துறையோட கருத்தும்மா. நாங்க மதிக்கிறோம். ஆனா அவங்க ஒருநாள் வந்து பாத்துட்டுப் போனவங்க. எங்க கருவி இப்ப பாத்துட்டிருக்கு.”

“அப்ப பேய்னு சொல்றீங்களா?” என்று மருமகன் கேட்டார்.

“அப்படி ஒரு வகையே எங்ககிட்ட இல்ல. குடியிருக்கிறவர், குடியிருக்காதவர், ரெண்டே வகை. மூச்சு விட்டா குடியிருக்கிறவர்.” பிறகு குரலைத் தாழ்த்தி, நண்பனிடம் பேசுவதுபோல் சொன்னார்: “இல்லன்னு நீங்க பிடிவாதமாச் சொன்னா மனு ரத்தாயிடும். நீங்க புதுசாப் போடணும். உங்க பொண்ணு வளந்து அவ பொண்ணைக் கூட்டிட்டு வந்து ஜன்னல் எப்ப வரும்னு கேக்கறப்ப நாங்க வருவோம். எப்படி வசதி?”

மகள் இருமினாள். மருமகன் பின்னறைக் கதவைப் பார்த்தார். பத்து வருஷமாக அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து, “கதவைச் சாத்துங்க மாப்பிள்ளை, குளிர் உங்க கூடவே வருது” என்ற குரல் வந்துகொண்டிருந்தது. அதற்கு அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

“மாமா நல்லாத்தான் இருக்காரு,” என்றார்.

மாமனாரைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அடுத்தது சுகக் கேள்விகள். ஜன்னல் மாட்டுவதற்கு முன்னால் விண்ணப்பதாரரின் அசௌகரியத்தைக் கேட்டுப் பதிய வேண்டுமாம். அளவுக்காரர் பின்னறைக்குப் போய், காலி நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஐயா, வணக்கம். ராத்திரியில கால் குளிருதுங்களா?”

எல்லாரும் காத்திருந்தார்கள். புள்ளி ஏறியது, நின்றது.

“யோசிக்கிறாரு,” என்றார் அளவுக்காரர்.

புள்ளி குலுங்கி இறங்கியது.

“குளிருதுங்கிறாரு. ஐயா, வாரியத்தின் சேவையில பொதுவாத் திருப்தியா இருக்கீங்களா?”

புள்ளி ஏறியது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மனைவி, “அப்பா” என்று மெல்லக் கூப்பிட்டாள். பிறகுதான் அது இறங்கியது.

“மிகவும் திருப்தி,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார் அளவுக்காரர். “இவ்வளவு நேரம் யோசிச்சு யாரும் சொன்னதில்ல.”

அவர் போன பிறகு மனைவி பின்னறை வாசலில் வெகுநேரம் நின்றாள். உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

“என்ன பாக்கறே?”

“ஒண்ணும் தெரியல. ஆனா கேக்குதுங்க. நிசமாவே கேக்குது. நீங்க வந்து கேளுங்களேன்.”

மருமகன் வந்து நின்றார். ஜன்னல் இடுக்கின் ஊளைக்குக் கீழே, தாழ்வாக, ஒரு மூச்சு ஏறி நின்று இறங்கியது. அவர் கையிலிருந்த நுரைப்பஞ்சுத் துண்டைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

“உங்கப்பாதான்,” என்றார் கடைசியில். “செத்தும் குறட்டையை விடல பாரு.”

மனைவி அழவும் சிரிக்கவும் ஒரே சமயத்தில் முயன்று, இருமினாள்.

வேலை தொடங்கியது. சுவர்களில் துளை போட்டுப் பஞ்சைக் குழாய்வழியே ஊதினார்கள். பழைய ஜன்னல்களை நிலையோடு பெயர்த்து, உடைக்காமல், துணி சுற்றி எடுத்துப்போனார்கள். விண்ணப்பதாரர் எப்போதாவது இல்லாமல் போனால் அவற்றையே திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டுமாம். அதற்காக அவற்றை வாரியத்தின் கிடங்கில், வெதுவெதுப்பான ஓர் அறையில் பத்திரமாக வைத்திருப்பார்களாம். புது ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. கைப்பிடி இல்லை.

“திறக்கிறது எப்படிங்க?” என்று மருமகன் கேட்டார்.

ஜன்னல் மாட்டுகிறவர் அவர் வாயைப் பொத்த வருவதுபோல் கையை ஓங்கிவிட்டுத் தாழ்த்திக்கொண்டார். “இதை வேற யார்கிட்டயும் கேட்டுடாதீங்க அண்ணே. ஒரு வீட்ல கேட்டாங்க. அந்தத் தெருவுக்கே பயிற்சி வகுப்பு வெச்சாங்க.”

மாட்டி முடித்த அன்று மண்டல அதிகாரியே திறந்துவைக்க வந்தார். திறக்க முடியாத ஜன்னலை எப்படித் திறந்துவைப்பது என்பதை வாரியம் முன்பே யோசித்து வைத்திருந்தது. அதிகாரி வெளியே தெருவில் ஒரு பலகைமேல் ஏறி நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உரையாற்றினார். குடும்பம் உள்ளே வரிசையாக நின்று கேட்டது. கேட்டது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. அதிகாரியின் வாய் விரிந்தது, சுருங்கியது, நெற்றிச் சுருக்கத்தோடு எதையோ எச்சரித்தது, பிறகு கனிந்தது. இடையில் அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவில் நின்றவர்கள் கைதட்டியபோது உள்ளே இருந்தவர்களும் தட்டினார்கள்.

உரை முடிந்து அதிகாரி உள்ளே வந்தார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

“ஒரு வார்த்தையாவது கேட்டுதா?” என்றார் ஆவலாக.

“இல்லைங்க ஐயா.”

“ஒண்ணுகூட?”

“ஒண்ணுகூட இல்லைங்க.”

“அற்புதம்!” என்று மருமகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “எத்தனையோ வருஷமாப் பேசிட்டிருக்கேன். மக்கள் வீட்டுக்குள்ள நிம்மதியா இருக்கணும்னுதான். இன்னிக்குத்தான் என் பேச்சுக்கு முழுப் பலன் கிடைச்சிருக்கு.”

வீடு வெதுவெதுப்பானது. அதை மறுக்க முடியாது. திரை ஆடுவது நின்றது. மகள் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் படுத்துப் படம் வரைந்தாள். அவள் நெஞ்சுக்குள் திறந்து மூடிய கதவு, ஓரிரு வாரத்தில், ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது. மருத்துவர் அவள் முதுகில் குழலை வைத்து இரண்டு தடவை கேட்டுவிட்டு, “எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனீங்க?” என்றார்.

ஆனால் அந்த வெதுவெதுப்போடு ஓர் அமைதியும் வந்து உட்கார்ந்துகொண்டது. தெருவில் பேருந்து போகும், சத்தம் இராது. மழை கண்ணாடியில் வழியும், சத்தம் இராது. எதிர்வீட்டுக்காரி தன் புது ஜன்னலுக்குப் பின்னால் நின்று எதையோ சொல்லிக் கையை ஆட்டுவாள். சிரிக்கிறாளா கூப்பிடுகிறாளா என்று தெரியாது. இவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்கள். வெளிச்சத்தம் எல்லாம் நின்றுபோன பிறகு அந்த வீட்டில் கேட்க மிச்சமிருந்தவை நாலு மூச்சுகள்தாம். சாப்பிடும்போது கேட்கும். கணவனும் மனைவியும் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்கும். பேச்சில் விட்ட இடைவெளியில் எல்லாம் அந்த லிஃப்ட் ஏறி, நின்று, இறங்கும்.

மகள்தான் முதலில் பழகிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்னறைக்குள் எட்டிப்பார்த்து, “தாத்தா, வந்துட்டேன்” என்பாள். மருமகனும் மெல்லப் பழகினார். பணிமனையிலிருந்து வந்து, நாற்காலிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கால் உறையைக் கழற்றுவார்.

“என்ன மாமா, கால் குளிருதா இன்னும்?” என்று கேட்பார். ஏறி, நின்று, இறங்கும். “இருக்கட்டும். இப்ப என்னைத் திட்ட உங்களுக்குக் காரணமே இல்ல பாருங்க.” அந்தப் பத்து வருஷத்தில் பேசியிருக்க வேண்டியதையெல்லாம் அவர் இப்போது பேசினார். எதிராளி குறுக்கே பேசாததால் அது எளிதாக இருந்தது.

நாள் போகப் போக அந்த மூச்சு நீண்டது. உச்சியில் மாட்டிக்கொள்வது குறைந்தது. குலுக்கல் நின்றது. வாழ்நாளெல்லாம் குளிருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்குச் சுவரெல்லாம் சூடு பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு ஏறியது, நிதானமாக, ஒரு தடங்கலும் இல்லாமல், அடித்தளம் வரைக்கும் இறங்கியது. அப்புறம் ஏறவில்லை.

அவள் மடித்த துணியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“போயிட்டாருங்க,” என்றாள். “குளிர் விட்டுதும் போயிட்டாரு.”

முதல் தடவை அவர் செத்தபோது செலவு, சொந்தம், சர்டிபிகேட் என்று ஓடிக்கொண்டிருந்ததில் மருமகனுக்கு அழ நேரமில்லை. இந்தத் தடவை நேரம் இருந்தது.

நிறைவுச் சோதனை என்று அளவுக்காரரும் மண்டல அதிகாரியும் சேர்ந்து வந்தார்கள். வாசலில் ஒரு வண்டி நின்றது. அதன் பின்பக்கம், துணி சுற்றி, பழைய ஜன்னல்கள். எல்லாச் சோதனைக்கும் அவற்றைக் கூடவே கொண்டுவருவது வழக்கமாம்.

“விண்ணப்பதாரர் இல்லாத வீட்ல ஜன்னல் இருந்தா, அது வேற யாரோ ஒருத்தருடைய சுகத்தைத் திருடினதா ஆகும்,” என்று அதிகாரி நடைவழியில் நின்று விளக்கினார். “சுகம்ங்கிறது மக்களுக்காக இல்ல. தகுதியுள்ள மக்களுக்காக. இதைப் புரிஞ்சிக்க எனக்கே ரொம்ப நாள் ஆச்சு. ஆரம்பத்துல நான் எல்லார் வீட்டுக்கும் குடுத்துட்டிருந்தேன். அப்புறம்தான் பதவி உயர்வு வந்தது.”

அவர்கள் விசிறியை வாசலில் பொருத்திக்கொண்டிருந்தபோது மனைவி கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“நீங்க அப்பா மாதிரி மூச்சு விடுவீங்கல்ல? என்னைச் சிரிக்க வெக்கறதுக்காகப் பண்ணுவீங்களே.”

“அது கிண்டலுக்கு…”

“இப்ப நெசத்துக்குப் பண்ணுங்க.”

“முகத்தைப் பாத்தாத் தெரியாதா?”

அவள் வாசல் பக்கம் காட்டினாள். வண்டியில் துணி விலகி, பழைய நிலைச்சட்டத்தின் வெடித்த மரம் தெரிந்தது. அதன் இடுக்கில் அவர் அடைத்த நுரைப்பஞ்சு இன்னும் இருந்தது.

மருமகன் பின்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். மூச்சை இழுத்தார். மேலே கொண்டுபோய் நிறுத்தினார். சரியாகச் செய்கிறோமா? குலுக்கி இறக்கினார். போதுமா? அந்தச் சந்தேகமே மூச்சின் உச்சியில் ஒரு தடங்கலைப் போட்டுக்கொடுத்தது. அது அச்சாக மாமனாருடையதாகவே இருந்தது. அந்த மனிதரும் எதையோ சந்தேகப்பட்டுக்கொண்டேதான் மூச்சுவிட்டிருக்கிறார் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது.

“விண்ணப்பதாரர், இருக்காரு,” என்று நடைவழியிலிருந்து அளவுக்காரர் படித்தார். “மகள், இருக்காங்க. பேத்தி, இருக்கா. மருமகன்…” கொஞ்சம் நிறுத்தினார். “மருமகன் இல்லையே.”

இருவரும் பின்னறைக்கு வந்தார்கள். மண்டல அதிகாரி நாற்காலிக்கு முன்னால் நின்று, கறுத்த தலைமுடியும் நாற்பது வயது முகமுமாக உட்கார்ந்திருந்தவரை நன்றாகப் பார்த்தார்.

“ஐயா, வணக்கம். இப்ப சுகமா?”

முகம் பார்ப்பது பழைய நிர்வாகம் என்று அவர் எத்தனையோ கூட்டங்களில் பேசியவர். பேசியபடி நடப்பவர்.

“சுகம்,” என்றார் மருமகன், மாமனாரின் குரலில்.

“உங்க மாப்பிள்ளை எங்க?”

நாற்காலியில் இருந்தவர் மகளைப் பார்த்தார். மகள், அதாவது மனைவி, சுவரைப் பார்த்தாள். பிறகு தன் குழந்தையைப் பார்த்தாள். அது ஸ்வெட்டர் இல்லாமல், இருமாமல், வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“போயிட்டாரு,” என்றாள்.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். “வாரியத்தின் சார்பில் ஆழ்ந்த வருத்தங்கள். இவ்வளவு சுகமான வீட்டை விட்டு ஒருத்தர் போறாருன்னா, அது அவருடைய தனிப்பட்ட முடிவாத்தான் இருக்கும்.” நாற்காலியின் பக்கம் குனிந்தார். “எப்படிப்பட்டவருங்க ஐயா?”

மூச்சை மேலே கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்தினார். நிறுத்தினது நடிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

“கதவைச் சாத்தத் தெரியாத ஆளு,” என்றார். “மத்தபடி நல்ல பையன். அவன் இருக்கறப்ப சொல்லியிருக்கலாம்.”

மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பணிமனைக்குப் போனபோது, அவருடைய தையல் எந்திரத்தின்மேல் ஒரு மலர்வளையம் இருந்தது. மேஸ்திரி சங்கடத்தோடு எழுந்து வந்தார்.

“ஏம்ப்பா, இப்படி வந்து நின்னா எப்படி? பசங்க பயப்படறாங்க.”

“மேஸ்திரி, நான்தான்.”

“தெரியுது. எனக்குத் தெரியாதா உன்னை? ஆனா சுக வாரியத்துலேர்ந்து தகவல் வந்திருக்கு. அவங்க கருவி தப்பாச் சொல்லாதுப்பா.”

“உங்க கண்ணு?”

“என் கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தான் ஆகுது.” மேஸ்திரி மலர்வளையத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “எல்லாரும் சேர்ந்து வாங்கினது. வீட்டுக்குத்தானே போற, நீயே எடுத்துட்டுப் போயிடு. எங்களுக்கு ஒரு நடை மிச்சம். உங்க மாமனாரு நல்லா இருக்காராமே? அவருக்குத் தையல் வருமா கேளு. ஆள் குறையுது.”

அப்படித்தான் மாமனாருக்கு வேலை கிடைத்தது. கிழிந்த சீட்டுகள் வீட்டுக்கு வந்தன. தைத்தவை திரும்பிப் போயின. மருமகன் வெளியே அதிகம் போவதில்லை. போனாலும் தெருவில் யாராவது, “பெரியவரே, மாப்பிள்ளை போன துக்கத்துலயும் நடமாடறீங்களே” என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். வாரியத்தார் எந்த நேரத்திலும் வரலாம் என்பதால் வீட்டிலும் அந்த மூச்சையே விட்டுப் பழகினார். முதலில் நினைத்து நினைத்து விட்டார். பிறகு நினைக்காமலே வந்தது. மகளிடம், வெளியாள் இருக்கும்போது தாத்தா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அவள் கெட்டிக்காரி. ஒருமுறைகூடப் பிசகவில்லை. வெளியாள் இல்லாதபோதும் பிசகவில்லை.

“என்னை அப்பான்னு கூப்பிடும்மா, இப்ப யாரும் இல்லையே,” என்றார் ஒருநாள்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவருடைய நெஞ்சு ஏறி, நின்று, இறங்குவதைப் பார்த்தாள். “சரி தாத்தா,” என்றாள்.

இன்னொரு குளிர்காலம் வந்தது. கண்ணாடிக்கு வெளியே சத்தமில்லாமல் வந்தது. மகள் அதைக் கவனிக்கவே இல்லை, அதுதானே வேண்டியிருந்தது. இருமாமல் தூங்கினாள். மனைவி சில மாலைகளில் கணவனுக்கு எதிரே உட்கார்ந்து, “உங்க மாதிரி ஒரு மூச்சு விடுங்களேன், ஒரே ஒண்ணு” என்று கேட்பாள். அவர் முயல்வார். எங்கே தொடங்குவது என்று தெரியாது. எப்படி விட்டோம் என்று யார்தான் கவனித்து வைத்திருக்கிறார்கள்?

அப்படியொரு மாலையில் அளவுக்காரர் புதுப் பெட்டியோடு வந்தார். முன்னதைவிட நுட்பமானதாம். எந்த மெல்லிய மூச்சையும் விடாதாம். அதைப் பற்றிச் சொல்லும்போதே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூவரும் பின்னறையில் உட்கார்ந்தார்கள். அளவுக்காரரும் பெட்டியோடு அங்கேயே உட்கார்ந்தார். நடைவழிக்கும் பின்னறைக்கும் நடுவே, சூடு கசியாமல் இருக்க வாரியம் மாட்டிக்கொடுத்த தடித்த கம்பளித் திரை தொங்கியது. பெட்டி விண்ணப்பதாரரைக் காட்டியது. மகளைக் காட்டியது. பேத்தியைக் காட்டியது. பிறகு, திரைக்கு அந்தப் பக்கம், நடைவழியில், மங்கலாக ஒரு புள்ளி வந்தது.

அது அவசரமில்லாமல், சீராக, கொஞ்சம் தயக்கத்தோடு துடித்தது.

“அட,” என்றார் அளவுக்காரர், பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு. “உங்க வீட்டுக்காரரும்மா. நடையில நிக்கறாரு.”

மனைவி எழுந்துவிட்டாள். அவளுடைய பார்வை நாற்காலிக்கும் திரைக்குமாகப் போய்வந்தது. எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. நாற்காலியில் இருந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பின்னறைப் புள்ளி அணைந்தது. நடைவழிப் புள்ளி அணையவில்லை. அது தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

“பயப்பட ஒண்ணும் இல்ல,” என்றார் அளவுக்காரர். “நடைவழி சுகத்துல சேராது, அதனால உங்க ஒதுக்கீட்டுக்குப் பாதிப்பு வராது. உள்ள வரணும்னா மட்டும் அவரு தனியா விண்ணப்பிக்கணும். வெளிய கொஞ்ச நாள் நிக்க வேண்டியிருக்கும். வரிசை நீளம்.”

நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தார். நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வாசலில் நிற்கும் வண்டியிலிருந்து பழைய ஜன்னல்கள் இறங்கும். ஏறி, நின்று, இறங்கும் அந்த மூச்சுதான் வந்தது. பின்னறைப் புள்ளி மறுபடி எரிந்தது. அளவுக்காரர் அதைப் பார்த்து மரியாதையோடு தலையசைத்தார்.

மகள் மட்டும் எழுந்து திரையின் பக்கம் போனாள்.

“அப்பா, அங்க ஏன் நிக்கறீங்க? குளிரும். உள்ள வாங்க,” என்றாள்.

கனமான அந்தத் திரையை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டாள். வருகிறவருக்கு இடம் விட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.